உம்ரா பயணத்தில் நெரிசல் இல்லாமல் தொழவும் ஓதவும் இடம்: மக்கா, மதீனா, வழிப்பயணம்

சேர்மன்தெரு
அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவையும் (72) உம்மாவையும் (66) கூட்டிக்கொண்டு உம்ராவுக்குக் கிளம்புகிறோம். சென்னையிலிருந்து நேராக ஜித்தா, மக்காவில் 8 நாள், பிறகு பஸ்ஸில் மதீனா, அங்கே 5 இரவு. ரமளான் இல்லை, பள்ளிக்கூட லீவும் இல்லை.

ஜமாஅத் தொழுகைக்கு நெரிசல் இருக்கும், அது தெரிந்ததுதான். நான் கேட்பது மற்ற நேரத்தைப் பற்றி. அரை மணி, ஒரு மணி யாரும் இடிக்காமல் உட்கார்ந்து ஓத, நஃபில் (கடமையல்லாத கூடுதல் தொழுகை) தொழ, துஆ கேட்க இரண்டு ஹரமிலும் (மக்கா, மதீனாவின் பெரிய பள்ளிகள்) எந்தப் பக்கம், எந்த நேரம் தோது? உம்மாவுக்கு முட்டுவலி, ஸுஜூது (நெற்றியைத் தரையில் வைப்பது) செய்ய முடியாது, நாற்காலிதான். பிளைட்டிலும் பஸ்ஸிலும் தொழுகையை எப்படிச் சமாளிப்பது? நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபு (சட்டப் பிரிவு), குரூப்பில் பாதிப்பேர் ஹனஃபி மத்ஹபு. ஆளுக்கொன்று சொல்வதால் வாப்பா குழம்பிப் போயிருக்கிறார்கள்.

மிஸ்ஃபலா ரோடு
வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மக்காவுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள், இடம் தானாக அமையும். இஷ்ராக் (சூரியன் எழுந்தபின் தொழும் தொழுகை) முடிந்து கூட்டம் நாஷ்டாவுக்குக் கலைந்ததிலிருந்து லுஹருக்கு (நண்பகல் தொழுகை) ஒரு மணி நேரம் முன்பு வரை ஹரமின் உள்பகுதியில் நல்ல அமைதி. இரவில் இஷா முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்தும் அப்படித்தான். நள்ளிரவில் கஃபாவைச் சுற்றும் இடம் காலியாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். வெயிலுக்குப் பயந்தவர்கள் எல்லாம் தவாஃபுக்கு (கஃபாவைச் சுற்ற) வரும் நேரம் அது. சுபுஹுக்கு (வைகறைத் தொழுகை) ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு தஹஜ்ஜுதுக்கான (பின்னிரவுத் தொழுகை) முதல் பாங்கு சொல்வார்கள், அதிலிருந்து வாசல்கள் நிரம்ப ஆரம்பிக்கும்.

அடுத்தது இடம். கஃபா கண்ணில் பட வேண்டும் என்றால் அமைதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இது பேரம் மாதிரிதான். கீழ்த்தள மதாஃபில் (கஃபாவைச் சுற்றும் வெளி) பெரும்பாலும் இஹ்ராம் (உம்ரா நிலைக்கான துணி) உடுத்திய ஆண்களைத்தான் விடுகிறார்கள், அதனால் உம்ரா முடிந்தபின் சாதா உடுப்பில் வாப்பாவை அங்கே கூட்டிப்போகும் திட்டம் வேண்டாம். பார்வையும் வேண்டும், இடிபடவும் கூடாது என்றால் மேல்தளத்துக்கோ மாடிக்கோ போங்கள். வெயில் காலத்தில் மாடி காலை எட்டு மணி வரைதான்.

கஃபா தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மனசு ஒருமைப்பட்டால் போதும் என்றால் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, மேற்கே மன்னர் ஃபஹது விரிவாக்கம், 79-ஆம் வாசல். வாசலுக்கு நேர் எதிரே உள்ளது நடைபாதை, அங்கே உட்காராதீர்கள். உள்ளே நுழைந்து வலமோ இடமோ திரும்பி ஏழெட்டுத் தூண் தள்ளிப் போனால் சத்தம் பாதியாகக் குறையும். இரண்டாவது, வடக்கே மன்னர் அப்துல்லாஹ் விரிவாக்கம், 100-ஆம் வாசல். பிரம்மாண்டமான கட்டடம். ஆனால் பெரும்பகுதியிலிருந்து கஃபா தெரியாது, அதனால் நம் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை. அமைதியாக ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்) ஓத வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது அதைத்தான்.

உட்காருமுன் தரையைப் பாருங்கள். கார்பெட் விரித்திருந்தால் தொழும் இடம். இரண்டு கார்பெட்டுக்கு நடுவில் வெறும் மார்பிள் நீளமாக ஓடினால் அது ஆள் நடக்கும் வழி. அங்கே முஸல்லாவை (தொழுகை விரிப்பு) விரித்தால் இரண்டாவது ரக்அத்துக்குள் (தொழுகையின் ஒரு சுற்று) காவலர் “ஹாஜ், தரீக், தரீக்” (ஹாஜி, வழி, வழி) என்று முதுகுக்குப் பின்னால் நிற்பார். எஸ்கலேட்டர் தலைப்பு, ஜம்ஜம் கேன் வரிசை, வீல்சேர் பாதை, மகாமு இப்ராஹீமின் (கஃபா அருகே இப்ராஹீம் நபி நின்ற கல் உள்ள இடம்) பின்புறம் இந்த நான்கும் வேண்டாம்.

மகாமைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. தவாஃபுடைய 2 ரக்அத்தை மகாமுக்குப் பின்னால் ஒட்டித்தான் தொழ வேண்டும் என்று சிலர் சுற்றுகிறவர்களின் காலடியில் தக்பீர் கட்டி நிற்பார்கள். நாலு பேர் கையைக் கோத்து வேலி போடுவார்கள். பின்னால் வருகிற வயதானவர் தடுக்கி விழுவது இப்படித்தான். எவ்வளவு தள்ளியும் தொழலாம், பள்ளியின் எந்த மூலையிலும் கூடும். அதை உள்ளே போய் நிதானமாகத் தொழுங்கள்.

கிப்லா (தொழும் திசை) விஷயத்திலும் கவனம். ஹரமுக்குள் ‘மேற்குப் பக்கம்’ என்கிற கதையெல்லாம் செல்லாது, கஃபாவுக்கே நேராக நிற்க வேண்டும். ஸஃபுகள் (தொழுகை வரிசைகள்) வட்டமாக வளைவதால் பத்துத் தூண் தள்ளிப்போனால் திசை மாறிவிடும். கஃபா மறைந்திருந்தால் தரையில் உள்ள ஸஃபு கோட்டைப் பார்த்து நில்லுங்கள். காலையில் நின்ற ஞாபகத்தில் மாலையில் வேறு இடத்தில் நிற்பவர்கள் நிறைய.

கடைசியாக, ஒரு லட்சம் மடங்கு நன்மை பள்ளிக்கு உள்ளே மட்டுமல்ல, ஹரம் எல்லை முழுவதற்கும் உண்டு என்று சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். உம்மாவுக்கு முடியாத நாளில் ஹோட்டலின் தொழுகைக் கூடத்தில் உட்கார்ந்து ஓதட்டும், மனத்தாங்கல் வேண்டாம். ஸ்பீக்கரைக் கேட்டு அங்கிருந்தே ஹரம் இமாமைப் பின்தொடர்வது பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. ஸஃபு தொடர்பில்லை என்றால் தனி ஜமாஅத்தாகத் தொழுவதே பத்திரம். தெருப் பள்ளிகளை நம்ப முடியாது, ஜமாஅத் முடிந்து கொஞ்ச நேரத்தில் பூட்டிவிடுவார்கள்.

ராத்தா_நாகூர்
உம்மாவுக்கானதை நான் சொல்கிறேன் தம்பி. ஆண்கள் சொல்லும் இடமெல்லாம் பெண்களுக்கு ஒத்துவராது.

ஜமாஅத் நெருங்கியதும் ஆண்கள் ஸஃபில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எழுப்பிப் பெண்கள் பகுதிக்கு அனுப்புவார்கள். முட்டுவலிக்காரர் அந்த நேரத்தில் எழுந்து நடப்பது பெரிய அவஸ்தை. அதனால் பாங்குக்கு முக்கால் மணி நேரம் முன்பே தடுப்புப் பலகை வைத்த பெண்கள் பகுதிக்குள் உட்கார வைத்துவிடுங்கள். மடக்கு நாற்காலி உள்ளேயே அடுக்கி வைத்திருப்பார்கள், கூட்டம் ஏறினால் தீர்ந்துவிடும். ஸஃபின் ஓரத்தில், தூணை ஒட்டிப் போட்டால் பின்னால் இருப்பவருக்கு ஸுஜூது இடம் கெடாது, முன்னால் ஆள் கடப்பதும் குறையும்.

நாற்காலித் தொழுகையில் எல்லோரும் செய்யும் பிழை, தக்பீரிலிருந்து ஸலாம் வரை உட்கார்ந்தே இருப்பது. ஷாஃபிஈயில் நிற்க முடிந்தவர் பர்ளு (கட்டாயக் கடமை) தொழுகையில் நின்றுதான் ஓத வேண்டும். ருகூஉ குனிய முடிந்தால் குனிய வேண்டும், ஸுஜூதுக்கு மட்டும் நாற்காலி. உட்கார்ந்தே ருகூஉ, ஸுஜூது இரண்டும் செய்பவர் என்றால் ஸுஜூதின் குனிவு ருகூஉவைவிட ஆழமாக இருக்க வேண்டும். ஹனஃபியில் ஸுஜூது செய்ய இயலாதவருக்கு நிற்பது கட்டாயம் இல்லை. பக்கத்தில் உள்ள ஹனஃபிப் பெண் முழுக்க உட்கார்ந்து தொழுவதைப் பார்த்து உம்மாவும் அப்படியே செய்துவிடப் போகிறார்கள், முதலிலேயே சொல்லி வையுங்கள். நஃபிலுக்கு இந்தச் சிக்கலே இல்லை, நிற்க முடிந்தாலும் உட்கார்ந்து தொழலாம், நன்மை பாதி.

உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம்) முறிவதுதான் அமைதியைக் கெடுக்கும் முதல் காரணம். கழிப்பறை வெளி முற்றத்தில், படியிறங்கிப் போக வேண்டும். போய்த் திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும், வாசல் மூடியிருந்தால் அதற்கும் மேல். 500 மில்லி பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். ஒவ்வொரு உறுப்பையும் ஒருமுறை கழுவ அது தாராளம். நிய்யத் (மனதில் எண்ணுவது), முகம், முழங்கை வரை கைகள், தலையில் கொஞ்சம் மஸ்ஹு (ஈரக்கையால் தடவுவது), கணுக்கால் உட்பட கால்கள், வரிசை மாறாமல் இருப்பது. ஷாஃபிஈயில் இந்த ஆறும்தான் பர்ளு. ஸ்ப்ரே பாட்டில் விற்கிறார்கள். பனித்துளி மாதிரி அடித்துக்கொண்டால் உளூ ஆகாது, தண்ணீர் தோலின் மேல் ஓட வேண்டும். கார்பெட்டில் வைத்து இதைச் செய்யாதீர்கள், வாசலுக்கு வெளியே முற்றத்தில் செய்யுங்கள்.

தவாஃப் நெரிசலில் அந்நிய ஆணின் கை படாமல் இருக்காது. ஷாஃபிஈயில் தோல் நேரடியாகப் பட்டாலே இருவருக்கும் உளூ முறியும். இதற்காகத்தான் நம் ஆலிம்கள் தவாஃபுக்கு மட்டும் ஹனஃபியைத் தக்லீது செய்யச் (பின்பற்றச்) சொல்கிறார்கள். ‘பட்டால் முறியாது’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதாது. உளூவையும் அந்த மத்ஹபுப்படியே செய்திருக்க வேண்டும், அதாவது தலையில் கால் பங்கு மஸ்ஹு. இரத்தம் கசிந்து ஓடினால் அங்கே உளூ முறிந்துவிடும். முழுக்கை, கையுறை இல்லாத சாக்ஸ் என்று மூடிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். இஹ்ராமில் பெண்களுக்குக் கையுறை கூடாது, சாக்ஸ் போடலாம்.

மாதவிலக்கு நாட்களில் இருக்கும் பெண்கள் குரூப்பில் இருந்தால் அறையிலேயே திக்ரு, ஸலவாத்து, துஆ. அதற்குத் தடை எதுவும் இல்லை.

மீகாத்
வழிப்பயணத்தைப் பார்ப்போம் காக்கா.

கிளம்பும்போது: இஹ்ராமுக்கான 2 ரக்அத் ஸுன்னத்தை விமான நிலையத்தில் தொழுவதென்றால் நேரத்தைப் பாருங்கள். அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுத பிறகு மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) வரை, சுபுஹு தொழுத பிறகு சூரியன் ஓர் ஈட்டி உயரம் எழும்வரை தொழக் கூடாது. ஷாஃபிஈயில் காரணமுள்ள தொழுகைக்கு விலக்கு உண்டு என்பார்கள். ஆனால் இங்கே காரணம் (இஹ்ராம்) தொழுகைக்குப் பிறகு வருவதால் அந்த விலக்கு கிடைக்காது. ஹரமுக்குள் போய்விட்டால் ஷாஃபிஈகளுக்குத் தடை நேரமே இல்லை, எப்போதும் தொழலாம். ஹனஃபிகளுக்கு அங்கேயும் உண்டு. அஸருக்குப் பின் தவாஃப் முடித்தால் அந்த 2 ரக்அத்தை மஃரிப் பர்ளுக்குப் பின்தான் தொழுவார்கள். உங்கள் குரூப்பில் பாதிப்பேர் ‘தொழாதே’ என்றும் பாதிப்பேர் ‘தொழு’ என்றும் சொல்வது இதனால்தான். இரண்டும் சரி.

பிளைட்டில்: சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். காலை 10 மணிக்குக் கிளம்பினால் மேற்கே சூரியனோடு போகிறீர்கள், லுஹர் நேரம் நீளும். இறங்கி ஜித்தாவிலேயே தொழலாம். செல்போன் ஆப் சென்னை நேரத்திலேயே நின்றிருக்கும், அதைப் பார்த்து ‘அஸர் வந்துவிட்டது’ என்று பதறாதீர்கள். மஃரிப் நேரத்தில் வானத்தில் இருந்தால் கீழே உள்ள ஊரின் மஃரிப் கணக்கில்லை, ஜன்னலில் தெரியும் சூரியன் மறைய வேண்டும். தொழுகை நேரம் பிளைட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் என்றால் சாப்பாட்டு வண்டி ஓடாத நேரமாகப் பார்த்து, பணிப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்க கேலி அருகே கிப்லாவை நோக்கி நின்று தொழுங்கள். சவூதியா நிறுவனத்தின் சில பெரிய விமானங்களில் இதற்கென்றே இடம் உண்டு. விடவே மாட்டேன் என்றால் இருக்கையிலேயே தொழுதுவிட்டு, இறங்கியதும் திருப்பித் தொழுதுகொள்ளுங்கள். மீகாத் (இஹ்ராம் நிய்யத் வைக்க வேண்டிய எல்லை) வரும் முன் அறிவிப்பார்கள். அறிவித்த பிறகு துணி மாற்றக் கழிப்பறை வரிசையில் நின்றால் எல்லை தாண்டிவிடும், இஹ்ராம் துணியைச் சென்னையிலேயே உடுத்திவிட்டு நிய்யத்தை மட்டும் அப்போது வையுங்கள்.

கஸ்ரு (பயணத்தில் 4 ரக்அத்தை 2 ஆகச் சுருக்குவது) கணக்கு: ஷாஃபிஈயில் போகும் நாள், திரும்பும் நாள் நீங்கலாக 4 முழு நாள் தங்கும் நிய்யத் இருந்தால் அந்த ஊரில் நீங்கள் முஸாஃபிர் (பயணி) இல்லை. மக்காவில் 8 நாள், எனவே முழுத் தொழுகை. மதீனாவில் 5 இரவு என்றால் நடுவில் சரியாக 4 முழு நாள், அங்கேயும் முழுத் தொழுகை. 4 இரவாக இருந்தால் நடுவில் 3 நாள்தான், கஸ்ரு செய்யலாம். ஹனஃபிக்கு எல்லை 15 நாள், அதனால் அவர்கள் இரண்டு ஊரிலும் முஸாஃபிர். ஹரம் இமாமுக்குப் பின்னால் எல்லோருக்கும் 4. ஹோட்டல் அறையில் ஹனஃபி நண்பர் இமாமாக நின்று லுஹரை 2-இல் ஸலாம் கொடுத்தால் வாப்பா ஸலாம் கொடுக்காமல் எழுந்து மீதி 2-ஐத் தொழுதுகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பஸ்ஸில்: மக்கா மதீனா ஏறக்குறைய 450 கிலோமீட்டர், வழியில் நிறுத்தங்களோடு ஐந்தாறு மணி நேரம். இங்கேதான் ஷாஃபிஈகள் தவறு செய்கிறார்கள். ‘இன்றைக்குப் பயணம்தானே’ என்று மக்கா ஹோட்டல் அறையிலேயே லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொழுதுவிட்டு பஸ் ஏறுவார்கள். 8 நாள் தங்கியவருக்கு ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் பயணம் தொடங்கும். கஸ்ரும் ஜம்உம் (இரண்டு தொழுகையைச் சேர்ப்பது) அதற்குப் பிறகுதான். லுஹரை ஹரமில் 4 ஆகத் தொழுதுவிட்டு ஏறுங்கள், அஸரை வழியில் 2 ஆகத் தொழுங்கள்.

காலையில் கிளம்பி வழியில் லுஹர் வந்தால் அஸரை லுஹர் நேரத்துக்கு முற்படுத்திச் சேர்க்கலாம்: லுஹர் முதலில், அது முடிவதற்குள் சேர்க்கும் நிய்யத், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது. நடுவில் டீ குடிக்கப் போனால் ஜம்உ போயிற்று. பிற்படுத்துவதாக இருந்தால் லுஹர் நேரம் முடியும் முன்பே ‘அஸரோடு சேர்க்கிறேன்’ என்று நிய்யத் வைத்தாக வேண்டும், தூங்கிவிட்டால் களா (நேரம் தவறிய தொழுகை). சுபுஹும் மஃரிபும் குறையாது. ஹனஃபிகளுக்குப் பயணத்தில் ஜம்உ கிடையாது. எனவே பஸ் ஏறும்போதே டிரைவரிடம் அஸருக்கு ஒரு நிறுத்தம் என்று பேசி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பள்ளியும் உளூ இடமும் இருக்கும். பஸ் நின்றதும் எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். நீங்கள் முதல் பத்து நிமிடத்தைத் தொழுகைக்கு எடுத்துக்கொண்டால் பள்ளி காலியாகக் கிடைக்கும்.

பாபுஸ்ஸலாம்
மதீனாவுக்கு நான்.

மஸ்ஜிதுந் நபவியில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை, எல்லோரும் ரவ்ழாவை (நபி (ஸல்) அவர்களின் அறைக்கும் மிம்பர் என்னும் பிரசங்க மேடைக்கும் நடுவிலுள்ள இடம்) சுற்றியே நெருக்குவதால்தான் அப்படித் தோன்றுகிறது. அங்கே கிப்லா தெற்கு. பச்சைக் கார்பெட், மிம்பர், பழைய உஸ்மானியக் கட்டடம் எல்லாம் தெற்குக் கோடியில். வடக்கே நடக்க நடக்க ஸஃபுகள் தளரும். பர்ளு முடிந்து இருபது நிமிடம் கழித்து நடுப்பகுதிக்குப் போனால் ஒரு தூணுக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

தூணில் சாயும் முன் ஒன்று கவனியுங்கள். தூணின் அடிப்பீடத்தில் துளைபோட்ட தகடு இருக்கும், குளிர்காற்று அதிலிருந்துதான் வருகிறது. முட்டுவலிக்காரர் அதற்கு நேரே காலை நீட்டி அரை மணி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. உம்மாவை இரண்டு தூணுக்கு நடுவில் உட்கார வையுங்கள், ஒரு சால்வை இருக்கட்டும். ஜம்ஜம் கேன்களிலும் குளிரூட்டாதது தனியாக உண்டு, தொண்டை கட்டாமல் இருக்க அதையே பிடியுங்கள்.

ரவ்ழாவுக்கு நுஸுக் செயலியில் முன்பதிவு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நேரம், கிடைப்பது சில நிமிடங்கள்தான். அங்கே நிதானமாக ஓதலாம் என்று குர்ஆனைத் திறக்காதீர்கள். 2 ரக்அத், சுருக்கமான துஆ, கேட்க வேண்டியதை முன்பே மனதில் வரிசைப்படுத்தி வையுங்கள். நீண்ட துஆவை வெளியே வந்து கேளுங்கள்.

குபா பள்ளி மூன்று, மூன்றரை கிலோமீட்டர். ‘வீட்டிலேயே சுத்தம் செய்துகொண்டு’ போய்த் தொழுதால் உம்ராவின் நன்மை என்பது ஹதீஸ். ஆகவே உளூவை ஹோட்டலிலேயே செய்துவிட்டுப் போங்கள், அங்கே உளூ வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமை போவார்கள் என்பதால் அன்றைக்குக் கூட்டம் மொய்க்கும். குரூப் பஸ்கள் காலையில் வரும். அமைதி வேண்டுமென்றால் மற்ற நாளில் லுஹருக்குப் பின்.

சேர்மன்தெரு
ஜஸாக்குமுல்லாஹ் கைர். எல்லாவற்றையும் வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் கேட்பது: வழியில் தோல் குஃப்பு (காலுறை) போட்டு மஸ்ஹு செய்துகொண்டால் கால் கழுவுவது மிச்சம்தானே, பயணிக்கு மூன்று நாள் உண்டே?

மீகாத்
சென்னையிலிருந்து போகும்போது ஆகாது காக்கா. இஹ்ராமில் ஆண்கள் குஃப்பு போடக் கூடாது. மக்காவிலிருந்து மதீனா போகும்போது போடலாம், அப்போது இஹ்ராம் இல்லை. உளூவோடு போட வேண்டும், கணுக்காலை மூட வேண்டும், சாதாரண நூல் சாக்ஸ் செல்லாது. கெடு, போட்ட நேரத்திலிருந்து இல்லை, போட்டபின் முதல் உளூ முறிந்த நேரத்திலிருந்து ஓடும். மூன்று நாள் பயணிக்குத்தான். மதீனா போய்ச் சேர்ந்ததும் நீங்கள் அங்கே முகீம் (பயணி அல்லாமல் தங்குபவர்) ஆகிவிடுவதால் கெடு ஒரு நாளாகக் குறையும்.

ராத்தா_நாகூர்
கையுறை பற்றி எழுதிய வரியில் சொல் இடம் மாறிவிட்டது. நான் சொல்ல வந்தது: இஹ்ராமில் முழுக்கையும் சாக்ஸும் போதும், கையுறை வேண்டாம். இஹ்ராம் இல்லாத நஃபில் தவாஃபில் கையுறையும் போட்டுக்கொள்ளலாம்.